விறைத்த விரல்கள்

கடலூர் முதுநகர்,
மார்கழி 20

அன்புள்ள சவரிமுத்துவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பிரான்சில் கிரெனோபிளுக்கு மேலே மலையூரில் கூரை வேலை பார்க்கும் சின்னவனுக்கு விரல் நுனிகள் மெழுகுபோல் வெளுத்து உணர்ச்சியற்றுப் போயின என்று படித்ததும், இங்கே துறைமுகத்தில் வெறுங்கையால் ஐஸ் கட்டி தூக்கும் பையன்கள் நினைவுக்கு வந்தார்கள். ஆஸ்பத்திரியில் முப்பது ஆண்டுகள் கட்டுப்போட்டவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

குளிரில் உடம்பு தன் சூட்டை நெஞ்சுக்கும் மூளைக்கும் ஒதுக்கிக்கொண்டு, விரல், மூக்கு, காது ஆகியவற்றின் இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. அங்கே சதைக்குள் நீர் உறையத் தொடங்கும்போது, அதுவரை இருந்த வலி அடங்கிவிடுவதால், சரியாகிவிட்டது என்று நினைத்து வேலையைத் தொடர்வார்கள். தகரத்தை வெறுங்கையால் தொடுகிறவனுக்கு இது இன்னும் விரைவில் நேரும்.

பனிக்கட்டியால் தேய்க்க வேண்டும் என்று உன் தெருவில் இருக்கும் சொல்தா (பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த) பெரியவர் சொன்னாராமே! 1812-இல் ரஷ்யாவிலிருந்து பின்வாங்கிய நெப்போலியன் படையில், நெருப்பில் காய்ந்த கால்கள் அழுகுவதைக் கண்ட மருத்துவர் லாரே சொன்ன யோசனை அது. மரத்த தோலுக்குச் சூடு தெரியாது என்பதால் நெருப்பு ஆகாதுதான். ஆனால் தேய்த்தால் உறைந்த சதை மேலும் சிதையும். மறுபடி உறைய வாய்ப்பில்லாத இடத்துக்கு வந்தபின், 37 முதல் 39 டிகிரி வரையுள்ள வெந்நீரில் அரைமணி நேரம் வைத்துவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். சூடேறும்போது கடுமையாக வலிக்கும்; பயப்படக் கூடாது.

வெயில் ஊர்க்காரர்களான நாம் பனி விழுந்தால்தான் குளிர் என்று நினைக்கிறோம். ஆனால் உறைநிலைக்கு மேலே பத்து டிகிரியிலும்கூட, நனைந்த காலுறையோடு நாள் முழுவதும் நின்றால் பாதம் வெளுத்து மரத்து, பின்பு வீங்கி எரியும். முதல் உலகப்போரின் பதுங்குகுழிகளில் ஆயிரக்கணக்கான சிப்பாய்களுக்கு வந்தது இதுதான். மதிய உணவின்போது மாற்றிக்கொள்ள இன்னொரு ஜோடி காலுறை வைத்துக்கொள்ளச் சொல்.

பிராந்தி வேண்டாம். (இப்படிச் சொல்வது உனக்குக் கசக்கும், தெரியும்.) அது தோலின் குழாய்களை விரித்து, உள்ளிருக்கும் சூட்டை வெளியேற்றிவிடும். உடன் வேலை செய்கிறவன் நடுக்கம் நின்று, பேச்சுக் குழறினால் தேறிவிட்டான் என்று விட்டுவிடாமல் உடனே ஆம்புலன்ஸ் அழைக்க வேண்டும்.

ஒருமுறை உறைந்த விரல் அடுத்த குளிரில் எளிதாகப் பாதிக்கப்படும் என்பதால், இந்தப் பருவம் முடியும்வரை கூரைக்கு ஏறாத வேலை கேட்டுப் பார்க்கட்டும். கொப்புளம் எழும்பியதா, அதில் தெளிந்த நீரா, இரத்தம் கலந்ததா என்று இன்றே தொலைபேசியில் கேட்டு எனக்குத் தெரிவி.

அன்புடன்,
இராமலிங்கம்