வாருபலகைச் சத்தம்

தூத்துக்குடி
ஞாயிறு இரவு

மக்கா,

நலம்தானே? இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை, மாடிப்படி ஏறுகிறாள், உன்னைக் கேட்டாள். மக்ரூன் பார்சல் அனுப்பியாச்சு. வந்ததும் ஒரு வார்த்தை சொல்லு. உன் ஸ்டூடியோ பையன்கள் கண்ணில் படாமல் உன் பங்கை முதலில் எடுத்து ஒளித்து வை.

இனி விஷயம். நேற்று நான் பாடம் எடுக்கிற சினிமா வகுப்புப் பிள்ளைகளோடு முள்ளக்காட்டுப் பக்கம் உப்பளத்துக்கு ஷூட்டிங் போயிருந்தேன். வந்ததிலிருந்து உன்னிடம் சொல்ல வேண்டும் என்றே இருக்கிறது. போனில் சொன்னால் நீ பாதியிலேயே புகுந்து மைக் என்ன மாடல் என்று கேட்பாய். அதனால்தான் கடிதம். முழுசாகப் படிலே.

டிப்ளமோ படம், பன்னிரண்டு நிமிடக் கதை. உப்பு வாரும் அம்மா. காலேஜில் இடம் கிடைத்துவிட்டது என்று சொல்ல அளத்துக்கே ஓடி வருகிறாள் மகள். அம்மா சந்தோஷப்படுவதற்கு முன்னால் “ஃபீஸ் எவ்வளவு?” என்று கேட்கிறாள். அவ்வளவுதான் காட்சி. டைரக்ஷன் பண்ணுகிற பையன் நல்ல பையன், எழுதத் தெரிந்தவன். முழுக் காட்சிக்கும் ஒரு மாஸ்டர், ரெண்டு பக்கமும் தோளுக்கு மேலிருந்து சஜஷன், ரெண்டு க்ளோசப் என்று ஷாட் பிரித்து, கோடு போட்ட நோட்டில் படமும் வரைந்து வைத்திருந்தான். எல்லாம் லைவ் சவுண்ட். டப்பிங்கே வேண்டாம் என்று ஆரம்பத்திலிருந்தே உறுதியாக நின்றான். உனக்கு இந்த இடத்தில் அவனைப் பிடித்துப்போகும்.

இருட்டோடு போய் இறங்கினோம். நாங்கள் போவதற்கு முன்பே பெண்கள் பாத்தியில் இறங்கி வாரிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கணக்கே அப்படித்தான், வெயில் ஏறும் முன் வேலையை முடித்துவிட வேண்டும். உப்பு வெள்ளையில் வெயில் பட்டால் கீழிருந்தும் அடிக்கும், கண் தாங்காது.

அந்த வெள்ளையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், கேமராக்காரன் நான், சொல்லாமல் இருக்க முடியாது. கேமராவில் இருக்கிற மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுச்சாம்பலாக்கப் பார்க்கும். அதை நம்பி எடுத்தால் உப்பு சிமெண்ட் தரை மாதிரி வரும். லென்ஸை ஏறக்குறைய ரெண்டு ஸ்டாப் திறந்து வெளிச்சத்தைக் கூட்டினால்தான் உப்பு உப்பாகத் தெரியும். கேமரா பிடிக்கிற பிள்ளை இதை நான் சொல்லாமலே செய்தாள். வண்டியில் கொண்டுபோன தெர்மோகோல் கட்டு வண்டியிலேயே கிடந்தது, அளமே பெரிய ரிஃப்ளெக்டர். முகத்துக்குக் கீழே நிழலே விழவில்லை. அது அழகுதான், ஆனால் முகம் தட்டையாகிவிடும். அவள் பார்த்தாள், கறுப்புத் துணியை எடுத்து ஃப்ரேமுக்கு வெளியே, நடிகையின் காலடிக்குப் பக்கத்தில் தரையில் விரித்தாள். கீழிருந்து வருகிற வெளிச்சம் ஒரு பக்கம் குறைந்தது, கன்னத்தில் எலும்பு தெரிந்தது. நம் வாத்தியார் இருந்திருந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்திருப்பார், அவர் பாராட்டு எப்படி என்று உனக்குத் தெரியும்.

சரி, உன் சவுண்ட் ஏரியாவுக்கு வருகிறேன்.

பாத்திக்கு நீர் ஏற்றுகிற மோட்டார் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. நாலா பக்கமும் வாருபலகைச் சத்தம். உப்பை இழுக்கும்போது வரும் அந்தச் சரசரப்பு உனக்கு நினைவிருக்கும், உங்கள் தாத்தா வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அதுதானே. பையன் லைவ் சவுண்டுக்காக எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னான். கணக்கப்பிள்ளை நல்ல மனுஷன், மோட்டாரை அணைத்தார். உதவி டைரக்டர் “சைலன்ஸ்!” என்று கத்துவான், சுற்றிலும் இருக்கிற பாத்திகளில் பெண்கள் பலகையைப் பிடித்தபடி அப்படியே நிற்பார்கள். டேக் போகும். “கட்” என்றதும் வாருவார்கள். மறுபடி “சைலன்ஸ்”. ஏதோ சொதப்பும். ஒன் மோர். மறுபடி நிற்பார்கள். மாஸ்டர் முடிந்து முதல் சஜஷன் வருவதற்குள் சூரியன் நன்றாக மேலே வந்துவிட்டது.

ஒரு அக்கா, ஐம்பது வயதிருக்கும், தலையில் துண்டு கட்டியிருந்தார். கோபமெல்லாம் இல்லை, சும்மா கேட்டார்: “தம்பி, இன்னும் எவ்வளவு நேரம்ய்யா? வெயில் ஏறிட்டுன்னா பாத்தில நிக்க முடியாது, அதான் கேக்கேன்.” பையன் “இதோ முடிஞ்சிரும்க்கா” என்றான். எல்லா யூனிட்டிலும் எல்லாரும் சொல்கிற பதில்.

அப்போதுதான் மைக் மாட்டிய பூம் கம்பைப் பிடித்துக்கொண்டிருந்த பிள்ளை ஹெட்ஃபோனைக் கழற்றினாள். ஆறுமுகநேரிக்காரி, அவள் சித்தி உப்பு வாரினவர். அதுவரை அவள் வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை. நேராகப் போய் அவனிடம் சொன்னாள்: “அண்ணே, ட்ராக் சுத்தமாத்தான் இருக்கு. ஆனா இது அளம் மாதிரியே இல்ல. எங்க சித்தி அளத்துல இப்படி மெல்லப் பேசி நான் கேட்டதே இல்ல. பலகை ஓடிட்டே இருக்கும், கத்தித்தான் பேசுவாங்க. அவங்க வேலையைப் பாக்கட்டும். நான் எடுத்துக்கிடுதேன்.”

மக்கா, அந்த நிமிஷம் நீ அங்கே இருந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

பையன் உடனே ஒத்துக்கொள்ளவில்லை, அவன் பக்கமும் நியாயம் இருந்தது. பலகை ஓடிக்கொண்டிருந்தால் ஒரு ஷாட்டிலிருந்து இன்னொரு ஷாட்டுக்கு வெட்டும்போது பின்னணிச் சத்தம் குதிக்கும். க்ளோசப்பில் இழுக்கிற ஓசை பாதியில் அறுந்து, சஜஷனில் வேறெங்கிருந்தோ தொடங்கும். உனக்கு நான் சொல்லவா வேண்டும்? எடிட்டிங் படிக்கிற பையனும் அவன் பக்கம் சேர்ந்துகொண்டான். வரப்பில் நின்று வாதாடினார்கள். வெளிச்சம் போகிறது என்று கேமராக்காரி கத்தினாள். கடைசியில் அவளே வழி சொன்னாள்: வெட்டினால்தானே குதிக்கும், வெட்டாமல் எடுப்போம். ஒரே ஷாட். வரப்பு குறுகல், டிராலி போட முடியாது. தோளில் கேமராவோடு அவள் நடக்க, பின்னாலிருந்து ஒருத்தன் பெல்ட்டைப் பிடித்துக்கொள்ள, மகள் ஓடி வருவதிலிருந்து அம்மாவின் முகம் வரைக்கும். ஷாட் பிரித்த நோட்டை அவன் மூடிப் பையில் வைத்தான். ஒரு மாணவனுக்கு அது லேசான காரியம் இல்லை.

பெண்கள் வேலையைப் பார்த்தால் மோட்டாரும் ஓடும், அதை என்ன பண்ணுவது? அது பேச்சையே விழுங்கிவிடும். தள்ளியிருந்த பாத்திக்கு மாறினோம். ஆறுமுகநேரிக்காரி மைக்கின் பக்கவாட்டு மோட்டாரைப் பார்க்கிற மாதிரி கோணம் பிடித்து நின்றாள். பத்து மணிக்கு மேல் கடல்காற்று ஏறும் என்று சித்தி சொல்லியிருக்கிறாளாம், அதற்குள் முடிக்க வேண்டும் என்றாள். மைக்குக்கு முடி உறையெல்லாம் மாட்டித் தயாராக இருந்தாள்.

அம்மாவாக நடித்தவர் நாடகக்காரர். அந்தத் துண்டு கட்டிய அக்காவிடம் போய்ப் பலகை பிடிக்கக் கற்றுக்கொண்டார். கையால் இழுக்கக் கூடாது, உடம்பு பின்னால் சாய வேண்டும், கால் மாறி மாறிப் போக வேண்டும். அக்கா அவர் இடுப்பைப் பிடித்துத் திருப்பிக் காட்டினார்.

டேக் போனது. “ஃபீஸ் எவ்வளவு?” என்கிற வசனத்தைக் கேள். அமைதியாக இருந்தபோது அதே வசனம் ஈரமில்லாமல் ஒலித்தது. மகளின் சந்தோஷத்தில் தண்ணீர் ஊற்றுகிற அம்மாவாகத் தெரிந்தார். இப்போது பலகைச் சத்தத்துக்கு மேலே கத்திக் கேட்டதும், வேலைக்கு நடுவே கணக்குப் போடுகிற ஒரு மனுஷியின் கேள்வியாகிவிட்டது. மகளும் கத்தித்தான் பதில் சொல்கிறாள். தொகையைக் கேட்டதும் அம்மா தன் பலகையை நிறுத்துகிறார். அவருடையது மட்டும் நிற்கிறது, சுற்றி மற்றவர்களுடையது ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்த நிறுத்தம் முன்பும் ஸ்கிரிப்டில் இருந்தது. ஆனால் எல்லாரையும் நிறுத்திவைத்துவிட்டு அவர் ஒருவர் நிறுத்தினால் யாருக்குக் கேட்கும்? இத்தனை வருஷம் லைட்டிங் பற்றிப் பேசிப் பிழைக்கிறேன், ஒரு காட்சி இப்படிக் காதால் திறந்து நான் பார்த்ததில்லை.

இனி என்னைத் தூங்கவிடாத பகுதி.

பேக்கப் ஆகும்போது பூம் பிடித்த அதே பிள்ளை கேட்டாள்: “காலைல நிப்பாட்டினோமே, அதுக்கு இவங்களுக்கு என்ன குடுக்கோம்?” புரொடக்ஷன் பார்க்கிற பையன் நோட்டைத் திறந்தான். கேமரா வாடகை இருந்தது, லென்ஸ், வேன், சாப்பாடு, அளக்காரருக்கு இடவாடகை எல்லாம் இருந்தது. இதற்கு ஒரு கட்டமே இல்லை. பிள்ளைகள் கையில் இருந்ததைத் திரட்டிக் கொடுத்தார்கள். ஒரு பாட்டி வேண்டாம் என்றார். துண்டு கட்டிய அக்கா எண்ணிப் பார்த்துவிட்டு, “நின்ன நேரத்துக்கு இது கட்டாது தம்பி” என்றார். எனக்கு அவரை மிகவும் பிடித்தது. மீண்டும் திரட்டினார்கள், கொடுத்தார்கள்.

அங்கே வாரின அளவுக்குத்தான் கூலி. நாம் நிறுத்தும் நேரத்துக்குக் கூலியும் போகிறது, மிச்ச வேலை வெயிலுக்குள்ளும் தள்ளிப்போகிறது. ஐப்பசி பிறந்தால் மழை, அளம் நின்றுவிடும். அந்த மழை மாதங்களுக்கு அரசாங்கம் கொடுப்பது 5,000 ரூபாய். 2023 டிசம்பர் 17, 18 மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டி, இந்தப் பக்கமெல்லாம் அளங்கள் முங்கிக் கிடந்ததை நீ லீவில் வந்து பார்த்தாய் அல்லவா? வாருகிற மாதங்களில் ஒரு காலைப்பொழுது அவர்களுக்கு எவ்வளவு பெரிது என்று யோசி.

நாம் படித்த காலத்தில் இந்தக் கேள்வியே எழவில்லை. ஆரி 2சி ஃபிலிம் கேமரா ஓடுகிற சத்தத்தில் எவன் யாரைச் சும்மா இருக்கச் சொன்னான்? டைரக்டர் டேக் நடுவிலேயே வசனம் சொல்லிக் கொடுப்பார், எல்லாம் டப்பிங் தியேட்டரில் சரியாகும். இடம் தன் பாட்டுக்கு இயங்கியது. லைவ் சவுண்ட் வேண்டும் என்று நீயும் நானும் எத்தனை பேரிடம் சண்டை போட்டோம்! இன்றும் அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் லைவ் சவுண்ட் வந்ததும் இடத்தின் மீது ஒரு கட்டளையும் கூடவே வந்துவிட்டது. பட்டறைக்காரர் சுத்தியலை நிறுத்த வேண்டும், டீக்கடைக்காரர் ஆற்றுவதை நிறுத்த வேண்டும். பெரிய யூனிட் என்றால் எப்படியோ பணத்தால் சரிக்கட்டுகிறார்கள். மாணவர் படம் என்றால் ‘பாவம், படிக்கிற பிள்ளைகள்’ என்று அந்த மனிதர்களே விட்டுக்கொடுக்கிறார்கள். நம்மிடம் இருப்பதிலேயே விலை அதிகமான கேமராவுக்கு முழு வாடகை கொடுத்துவிட்டு, இருப்பதிலேயே குறைந்த கூலிக்காரரிடம் இலவசம் வாங்குகிறோம். இது எனக்குப் பொறுக்கவில்லை.

எங்கள் காலேஜ் துறையில் பேசினேன். பட்ஜெட் படிவத்தில் ‘நிறுத்திய நேரக் கூலி’ என்று ஒரு வரி சேர்க்க வேண்டும், அது நிரப்பாமல் லொகேஷன் அனுமதிக் கடிதம் தரக் கூடாது என்றேன். பிள்ளைகளிடம் பணம் ஏது என்று கேட்டார்கள். ஒரு லென்ஸைக் குறைத்தால் வரும் என்றேன். நேற்று அந்த ஒரே ஷாட்டை ஒரே லென்ஸில்தானே எடுத்தோம். அந்தப் பெண்கள்தான் சந்தோஷமாக நின்றார்களே, டிவியில் வருமா என்றுகூடக் கேட்டார்களே என்றார்கள். சிரித்ததும் உண்மை, கேட்டதும் உண்மை. அந்த அக்கா எண்ணிப் பார்த்ததும் உண்மைதான். அடுத்த வாரம் மறுபடி பேசுவேன், விடமாட்டேன்.

உன்னிடம் ரெண்டு காரியம் வேண்டும். ட்ராக்குகளை நாளை அனுப்புகிறேன். மொபைலில் கேட்டுவிட்டுக் கருத்துச் சொல்லாதே, ஸ்டூடியோவில் உட்கார்ந்து கேள். வசனம் புரிகிறதா, மகளின் கடைசி வரி அமுங்குகிறதா என்று மட்டும் பார். கை பரபரக்கும், ஆனால் நாய்ஸ் ரிடக்ஷன் பக்கம் போய்விடாதே, ஒரு பலகையைக்கூட நீ தொடக் கூடாது. ரெண்டாவது, மே லீவுக்கு வரும்போது ஒரு நாள் வகுப்பு எடு. மைக் கோணம், பின்னணியை வைத்துக்கொண்டே பேச்சைப் பிடிப்பது, எந்தச் சத்தத்தை நிறுத்தியே ஆக வேண்டும், எதை நிறுத்தத் தேவையில்லை என்பதெல்லாம் உன் வாயால் கேட்டால் படியும். பாதி இடங்களில் நிறுத்தவே தேவையில்லை என்று இந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிட்டால், அந்தப் படிவத்துச் சண்டையில் பாதி குறையும்.

கணக்கப்பிள்ளை படத்தை அங்கே போட்டுக் காட்டச் சொல்லியிருக்கிறார். வேலை முடிந்து, இருட்டிய பிறகு, திரை கட்டிப் போடலாம் என்று பேச்சு. ப்ரொஜெக்டர் இங்கே இருக்கிறது, ஸ்பீக்கர்தான் உருப்படியாக இல்லை. உன் பழைய ஜோடியை அம்மா வீட்டுப் பரணில் வைத்திருக்கிறாய் இல்லையா, அதை எடுத்துக்கொள்ளலாமா என்று உடனே எழுது. கோன் கிழிந்திருந்தால் இப்போதே மாற்றக் கொடுத்துவிடுவேன்.

அன்புடன்,
உன் நெட்டையன்