கிராம சபைக்கும் நிருபர் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அரிட்டாபட்டியைச் சுற்றி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்ட செய்தி 2024 நவம்பரில் வந்தபோது, மேலூர்க்காரனான நான் அதை அறிந்ததே டீக்கடையில் கிடந்த உங்கள் நாளிதழின் மதுரைப் பதிப்பில்தான். சுரங்கத்தை எதிர்த்த கிராம சபைத் தீர்மானங்கள், 2025 ஜனவரி 7 அன்று மதுரை தல்லாகுளம்வரை போன பேரணி எல்லாம் விடாமல் வந்தன. ஜனவரி 23-இல் ஏலம் ரத்தானது. அதற்கப்புறம் எங்கள் பக்கம் நிருபர் பைக் சத்தமே காணோம்.

விபத்து, திருட்டு, திருவிழா என்றால் வருகிறீர்கள். பெரியாறு கால்வாய்த் தண்ணீர் கடைமடைக்கு எத்தனை நாள் வந்தது, எந்தக் கண்மாயின் மடை உடைந்து கிடக்கிறது என்று யார் எழுதுவது? பகுதிநேர நிருபர்களைக் குறை சொல்லவில்லை. அனுப்பும் செய்திக்கு மட்டும் காசு என்றால் பெட்ரோலுக்கே கட்டுமா? (ஒருமுறை எங்கள் ஊர்ப் பெரியவர் படத்துக்குப் பக்கத்து ஊர்ப் பெயரைப் போட்டுவிட்டீர்கள், அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை.)

ஆண்டுக்கு 6 கிராம சபை நடக்கிறது. வரும் மே 1-க்கு ஒருவரை அனுப்புங்கள். மோர் எங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
ஒரு விவசாயி, மேலூர் வட்டம்