ஒன்பது இடத்தில் ‘பாட்டி’

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க உணவுப் பத்தி எழுத்தாளர் மர்லின் ஹாகர்ட்டியைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை ஆசையாக. இரண்டாம் முறை கையில் பென்சிலோடு. ‘பாட்டி’ என்ற சொல் ஒன்பது இடத்தில் இருக்கிறது. ‘பத்திரிகையாளர்’ ஒரே இடத்தில், அதுவும் படத்துக்கு அடியில் பொடி எழுத்தில். நடுவில் இப்படி ஒரு வரி: ‘வெள்ளந்தியாக ஏதோ எழுதிக்கொண்டிருந்த பாட்டியை இணையம் ஒரே இரவில் உணவு விமர்சகராக்கிவிட்டது.’ அந்த வரியைப் படித்து முடிப்பதற்குள் எனக்குக் காப்பி ஆறிவிட்டது.

எனக்கு 71 வயது. என் பேரன் பாட்டி என்று கூப்பிட்டால் சந்தோஷமாகத் திரும்பிப் பார்ப்பேன். உங்கள் கட்டுரையாளர் மர்லின் அம்மையாருக்கு எந்த வழியில் பேரன் என்று தெரியவில்லை.

ஒரே இரவு என்கிறாரே, அது எந்த இரவு? வடக்கு டகோட்டா மாநிலத்து கிராண்ட் ஃபோர்க்ஸ் ஊரின் நாளிதழ் ‘ஹெரால்டு’. அதில், ஆலிவ் கார்டன் என்ற இத்தாலிய உணவகத்தைப் பற்றி அவரைப் பிரபலமாக்கிய அந்த மதிப்புரை வந்தது 2012 மார்ச் 7. அந்த அம்மாள் தெற்கு டகோட்டாவில் பள்ளிக்கூடம் போகும் காலத்திலேயே உள்ளூர்ப் பத்திரிகையில் எடுபிடி வேலை பார்த்து எழுதப் பழகியவர். பல்கலைக்கழகப் பட்டம் வாங்கியவர். 1957-ல் கணவரோடு கிராண்ட் ஃபோர்க்ஸுக்குக் குடிவந்தவர். கணவர் ஹெரால்டுக்கே ஆசிரியராக இருந்தவர். ‘ஈட்பீட்’ என்ற உணவகப் பத்தி 1970-களிலேயே தொடங்கிவிட்டது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா? தெரிந்துதானே இருக்கும். அப்படியானால் அந்த வரி அச்சுக்குப் போகும்போது யார் கண்ணிலும் படவில்லையா?

வயதையும் தப்பாகப் போட்டிருக்கிறீர்கள். அப்போது அவருக்கு 85. நீங்கள் தொண்ணூற்றைத் தாண்டியவர் என்று எழுதிவிட்டீர்கள். கிழவிதானே, கூட ஐந்தோ பத்தோ இருந்தால் என்ன என்ற எண்ணம் போலிருக்கிறது. பின்னால் அவர் நிஜமாகவே தொண்ணூறைத் தாண்டி, 2025 செப்டம்பரில் 99 வயதில் காலமானார். அதுவரை நீங்கள் பொறுத்திருக்கலாம்.

சரி, அந்த மதிப்புரையில் என்ன இருந்தது என்று பார்ப்போம். ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேர் வாழும் ஊர். நாடு முழுக்கக் கிளைகள் உள்ள ஒரு உணவகம் இப்போதுதான் அங்கே எட்டிப் பார்க்கிறது. ஊரே காத்திருந்தது. மர்லின் மதியச் சாப்பாட்டுக்குப் போனார். கோழி ஆல்ஃபிரடோ, அதாவது கோழிக்கறி போட்ட பாஸ்தா கேட்டார். ராஸ்பெர்ரி லெமனேடு வேண்டாம், தண்ணீர் போதும் என்றார். குளிர் நாளில் அந்தச் சாப்பாடு வெதுவெதுப்பாக இதமாக இருந்தது என்றும், நிறையவே வைத்தார்கள் என்றும் எழுதினார். கட்டடம் எப்படி, பரிமாறியவர் எப்படி, விலை என்ன என்று எல்லாம் அதில் இருந்தது. ஊருக்கு ஊர் இருக்கிற ஒரு கடைக்கா இவ்வளவு பெரிய மதிப்புரை என்று பெருநகரத்து ஆட்கள் இணையத்தில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பத்து லட்சம் தடவைக்கு மேல் பார்க்கப்பட்டது. சிரித்தவர்களில் எத்தனை பேர் சின்ன ஊரில் இருந்திருப்பார்கள்? அங்கே புதிதாக ஒரு கடை திறந்தால் அது செய்தி. போகலாமா, எவ்வளவு ஆகும், உட்கார இடம் இருக்குமா என்பதுதான் வாசகருக்கு வேண்டியது. அதைத்தான் அவர் எழுதினார்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானும் 19 வருடம் ஒரு மாவட்ட வார இதழுக்குப் பகுதி நேரமாக எழுதியவள். கோயில் திருவிழா, பஸ் வழித்தட மாற்றம், பள்ளி ஆண்டு விழா, இடையில் மாதம் இரண்டு முறை சாப்பாட்டுக் கடை. ஒரு தடவை ஒரு கடையில் முதல் நாள் மிஞ்சியதைச் சூடுபண்ணி வைத்தார்கள் என்று இருந்ததை இருந்தபடி எழுதிவிட்டேன். அந்த வாரமே கடையின் அரைப்பக்க விளம்பரம் நின்றது. அது பத்திரிகையின் கவலை. என் கவலை வேறு. அந்தக் கடைக்காரரின் தங்கை எங்கள் எதிர்வீடு. தண்ணீர் லாரி வந்தால் எனக்கும் சேர்த்து இரண்டு குடம் பிடித்து வைப்பாள். அந்த வாரம் என் குடங்கள் காலியாகவே திண்ணையில் கிடந்தன. அடுத்த வாரமும்.

அப்புறம் எழுதக் கற்றுக்கொண்டேன். சாப்பாடு சரியில்லை என்றால், ‘கை கழுவும் இடம் படு சுத்தம். சுவரில் நல்ல நல்ல படங்கள்’ என்று முடித்துவிடுவேன். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது போதும், அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார்கள். மர்லினின் மகன் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழில் வேலை பார்த்தவர். தன் அம்மாவைப் பற்றி எழுதும்போது அவர் சொன்னதும் இதுதான்: அம்மா சாப்பாட்டைவிட அலங்காரத்தைப் பற்றி அதிகம் எழுதியிருந்தால் வேறு கடைக்குப் போய்விடுவது நல்லது. படித்தபோது எனக்குப் புல்லரித்தது. உலகத்தின் அந்தக் கோடியில் எனக்கு ஒரு கூட்டாளி! இதையா உங்கள் கட்டுரையாளர் வெள்ளந்தி என்கிறார்? நாளைக் காலையில் அதே கடைக்காரர் முகத்தில் விழிக்க வேண்டிய ஒருத்தி எழுதும் எழுத்து அது. ஊர் விட்டு ஊர் போய், தின்று, திட்டி, ரயிலேறிவிடுபவர்களுக்கு இந்த வித்தை தேவையே இல்லை.

கட்டுரையின் இரண்டாம் பாதியில், சமையல்காரராக இருந்து எழுத்தாளராகவும் தொலைக்காட்சிப் பிரபலமாகவும் ஆன ஆண்டனி போர்டெய்ன்தான் மர்லினை ஏதோ தூக்கிவிட்டது போல வருகிறது. அவரே முதலில் கேலி பேசியவர்களில் ஒருவர். அதை மறைக்கவும் இல்லை. நக்கலடித்தவர்களை மர்லின் ஜெயித்துவிட்டார், அதில் நானும் அடக்கம் என்று எழுதியவர் அவர். பிறகு அந்த அம்மாளைச் சந்தித்தார். மர்லினின் 128 மதிப்புரைகளை நூலாக 2013-ல் தன் முன்னுரையோடு வெளியிட்டார். அந்த 128-ஐயும் மர்லின் ஏற்கெனவே எழுதி வைத்திருந்ததால்தான் நூல் வந்தது என்பதை யாராவது கட்டுரையாளர் தம்பிக்குச் சொன்னால் தேவலை.

இன்னொன்று. இணையம் கொண்டாடுவதற்கு முன்பே மர்லினை அவர் ஊர் கௌரவித்துவிட்டது. கழிவுநீர் ஏற்றும் நிலையம் ஒன்றுக்கு அவர் பெயரை வைத்தார்கள். கிண்டல் இல்லை, நிஜம். ஊருக்கு உழைத்தவருக்கு இதைவிடப் பொருத்தமான மரியாதை எனக்குத் தோன்றவில்லை. எனக்கு ஒரு தெருக்குழாய்க்குக்கூட யாரும் பெயர் வைக்கவில்லை. கட்டுரையில் இது இல்லை. தொலைக்காட்சியில் தோன்றினார், நியூயார்க் போனார் என்பதற்கு மட்டும் ஒரு முழுப் பத்தி.

இப்போது காணொளியில் சாப்பிட்டுக் காட்டிப் புகழ் பெறுகிறவர்களைப் பற்றியும் கட்டுரையாளர் பெருமையாக எழுதியிருக்கிறார். என் பேரனோடு உட்கார்ந்து நானும் பார்க்கிறேன். வாய்க்குள் போவதற்கு முன்பே கண்ணை மூடித் தலையாட்டிவிடுகிறார்கள். காசு யார் கொடுத்தது என்று கேட்டால் பேரன் சிரிக்கிறான். அவர்கள் பிழைப்பு, எனக்கென்ன. ஆனால் அவர்களுக்கெல்லாம் மூத்தவர் என்று மர்லினைக் கொண்டுபோய் வரிசையின் முன்னால் நிறுத்தியதுதான் பொறுக்கவில்லை. உலகமே அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நாளில் அவர் சீட்டாட்டத்துக்குக் கிளம்பிப் போனவர். அடுத்த பத்தியும் எழுதவேண்டியிருந்தது அவருக்கு.

பேச்சோடு பேச்சாக இன்னும் இரண்டு. உங்கள் இதழில் வாசகர் கடிதத்துக்கு முன்பு இரண்டு பக்கம். பிறகு ஒன்று. இப்போது ராசிபலனுக்குக் கீழே கால் பக்கம். போன வருடம் நான் எழுதிய கடிதத்தில் நடுவில் இரண்டு பத்தியை வெட்டிவிட்டு, நான் ஆதரிப்பதாகச் சொல்லாததை நான் ஆதரிப்பது போல ஆக்கிவிட்டீர்கள். பெயரிலும் எழுத்துப் பிழை. தொலைபேசியில் கேட்டதற்கு ஒரு பெண், ‘அடுத்த தடவை பார்த்துக்கலாம்மா’ என்றாள். குரல் இனிமையாகத்தான் இருந்தது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வயது 85 என்று அடுத்த இதழில் ஒரு வரி திருத்தம் போடுங்கள். முடிந்தால் படத்தின் அடியில் இருக்கும் ‘பத்திரிகையாளர்’ என்ற சொல்லைத் தலைப்புக்கு ஏற்றி, இணையப் பதிப்பிலாவது சரிசெய்யுங்கள். இடம் போதாமல் இந்தக் கடிதத்தை வெட்டுவதாக இருந்தால் தண்ணீர்க் குடம் சமாசாரத்தை வெட்டிக்கொள்ளுங்கள். எதிர்வீட்டுக்காரியும் உங்கள் சந்தாதாரர்தான். இப்போது நாங்கள் சமாதானமாகத்தான் இருக்கிறோம்.

என் பெயரைப் போட வேண்டாம். எப்படியும் தப்பாகத்தான் போடுவீர்கள். சந்தா எண் உறையின் பின்புறம் இருக்கிறது.

இப்படிக்கு,
22 வருடச் சந்தாதாரர்