கழிப்பதற்கு முன் ஒருமுறை புரட்டிப் பாருங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட நூலக ஆணைக்குழுக்களுக்கு,

வணக்கம். சிதைந்த புத்தகங்களைக் கழிப்பது எந்த நூலகத்திலும் தவிர்க்க முடியாத வேலை. அதை நிறுத்தச் சொல்லவில்லை. சிறுவர் பகுதிக்கு மட்டும் வேறு அளவுகோல் வையுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

பெரியவர்கள் படிக்கும் நாவல் தூசி படிந்தாவது அலமாரியில் பிழைத்துக்கொள்ளும். சிறுவர் புத்தகத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பிள்ளைகளுக்குப் பிடித்துவிட்டால் அட்டை போகும், படத்தை வெட்டி எடுப்பார்கள், நடுப்பக்கம் காணாமல் போகும். ஆக, அதிகம் படிக்கப்பட்டதுதான் கழிவுப் பட்டியலில் முதலில் ஏறுகிறது. வீட்டில் இருப்பதோ, பிள்ளை வளர்ந்ததும் எடைக்குப் போய்விடுகிறது.

1947 ஜூலையில் சென்னையிலிருந்து வரத் தொடங்கியது அம்புலிமாமா. எழுத்தாளர் ஆர்வி ஆசிரியராக இருந்த கண்ணன் இதழ் 1950இல் தொடங்கி 1972இல் நின்றது. அதே 1972இல் கோகுலமும் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸும் வந்தன. மாஸ்கோவில் அச்சாகி, கொள்ளை மலிவான விலையில் இங்கே விற்ற வண்ணப்பட நூல்கள் சோவியத் ஒன்றியத்தோடு முடிந்தன. வங்கி வேலை பார்த்துக்கொண்டே குழந்தைப் பாடல்கள் எழுதிய அழ. வள்ளியப்பா, 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தையும் உருவாக்கினார். இவற்றையெல்லாம் மூலப் பிரதியில் பார்க்க நம் பிள்ளைகள் எங்கே போவார்கள்? சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது, சரி. பென்னாகரத்திலிருந்தும் தேன்கனிக்கோட்டையிலிருந்தும் அது வெகு தூரம்.

பெ. தூரன் ஆசிரியராக இருந்த குழந்தைகள் கலைக்களஞ்சியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1968 முதல் 1976 வரை பத்துத் தொகுதிகள். தகவல் பழசாகிவிட்டது என்று அதைக் கழிக்க யாருக்கும் தோன்றும். நியாயம்தான், அதில் கிருஷ்ணகிரி மாவட்டம் என்று தேடினால் கிடைக்காது. மாவட்டம் பிறந்ததே 2004இல். ஆனால் அரை நூற்றாண்டுக்கு முன் ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு உலகத்தை எப்படிச் சொல்லிக் கொடுத்தார்கள், எதைப் படமாகப் போட்டார்கள், எதை விட்டார்கள் என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல சான்று இல்லை. புத்தகங்களில் குத்திய நூலக முத்திரைகளையும் பாருங்கள். தருமபுரி 1965 வரை சேலத்தோடு இருந்தது. அதற்கு முன் வாங்கிய நூல் ஊத்தங்கரையில் எங்காவது பிழைத்திருந்தால், நம் மாவட்டங்கள் பிரிந்த கதையும் அதன் முதல் பக்கத்திலேயே இருக்கும்.

கேட்பது பெரிய விஷயமல்ல. இரண்டு மாவட்ட மைய நூலகங்களிலும் ஆளுக்கொரு பூட்டிய பீரோ. கிளை நூலகத்திலோ ஊர்ப்புற நூலகத்திலோ சிறுவர் நூலைக் கழிக்கும் முன் அந்தப் பீரோவில் ஒரு பிரதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இல்லையென்றால் கிழிசலோடு அனுப்பச் சொல்லுங்கள். அண்மையில் வந்த சிறுவர் இதழ்களையும் சேருங்கள்: அரசுப் பள்ளிகளுக்கு வரும் ஊஞ்சல், தேன்சிட்டு, சிங்காரப்பேட்டைப் பக்கம் ஜவ்வாது மலையடிவாரக் குக்கூ காட்டுப்பள்ளியின் தும்பி. இருபது வருடம் கழித்துத் தேடி அலைய வேண்டாம் பாருங்கள்.

செலவுக்கு நாங்கள் வீட்டு வரியோடு கட்டும் நூலக வரி இருக்கிறது. ஆள் இல்லை என்பீர்கள், அதுவும் உண்மைதான். வாசகர் வட்டத்துக்குச் சொல்லி அனுப்புங்கள். சனிக்கிழமைகளில் வந்து பட்டியல் எழுதித் தருகிறோம்.

இப்படிக்கு,
அரூர் வாசகன் ஒருவன்