மெகாபிட் கணக்கும் பார்ப்பவரின் கணக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இணையவழிக் காணொளிச் சேவைகளின் தரம் குறித்துத் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். எளிமையாக எழுதப்பட்டிருந்தாலும், விநாடிக்கு எத்தனை மெகாபிட் கிடைக்கிறது என்ற இணைய வேகக் கணக்கு ஒன்றையே வைத்துக்கொண்டு சேவைகளை வரிசைப்படுத்தியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

பயனர் உணரும் தரத்தை ஆட்களிடமே கேட்டு அளக்கும் மரபு புதியதல்ல. தொலைபேசிப் பேச்சைக் கேட்கச் செய்து, ‘மிக மோசம்’ என்றால் 1, ‘மிக நன்று’ என்றால் 5 என மதிப்பெண் வாங்கிச் சராசரி காணும் முறையைப் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1996-இல் வெளியிட்ட பி.800 பரிந்துரை விளக்குகிறது. காணொளிக்கும் இதே போன்ற முறைகள் உண்டு. அப்படிப்பட்ட சோதனை ஒன்றில் நானும் ஒருமுறை பார்வையாளராக உட்கார்ந்திருக்கிறேன். முதலில் கண் பார்வையையும், புள்ளிகள் நிறைந்த அட்டைகளைக் காட்டி நிறப் பார்வையையும் சோதித்தார்கள். நாற்காலிக்கும் திரைக்கும் உள்ள தூரத்தை நாடா வைத்து அளந்தார்கள். பத்து விநாடித் துண்டு ஒன்று ஓடும், திரை சாம்பல் நிறமாகும், அந்த இடைவெளிக்குள் மதிப்பெண் இட வேண்டும். பாதிக்கு மேல் போனபோது எனக்கு 3-க்கும் 4-க்கும் வேறுபாடே மங்கிவிட்டது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் ஒன்றில் மட்டும் தடுமாற்றம் இருக்கவில்லை: பளிச்சென்ற படம் நடுவில் ஒரே ஒருமுறை நின்று, காத்திருப்பு வட்டம் சுழன்றபோது 2 போட்டேன், சற்று மங்கலாக இருந்தாலும் நிற்காமல் ஓடிய துண்டுக்கு 4 போட்டேன்.

இது என் ஒருவனுடைய அவசர குணமல்ல. சண்முக கிருஷ்ணனும் ரமேஷ் சீதாராமனும் 2012-இல் வெளியிட்ட ஆய்வு, ஏறத்தாழ 2.3 கோடி காணொளிப் பார்வைகளை அலசியது. காணொளி தொடங்க 2 விநாடிக்கு மேலானால் மக்கள் விலகத் தொடங்குகிறார்கள் என்றும், அதன்பின் கூடும் ஒவ்வொரு விநாடிக்கும் விலகுவோர் விகிதம் 5.8 சதவீதம் உயர்கிறது என்றும் அது கண்டறிந்தது. சராசரி வேகம் எவ்வளவு உயர்ந்திருந்தாலும், சில விநாடிகள் அது சரிந்து, முன்கூட்டிச் சேமித்துவைத்த காட்சி தீர்ந்துபோனால் படம் நின்றுவிடும். அந்தச் சரிவு சராசரியில் கரைந்து காணாமற்போகிறது.

ஒலியும் உதட்டசைவும் பொருந்தாமை இன்னொரு குறை. ஒலி 45 மில்லிவிநாடி முந்தினாலே கண்டுபிடித்துவிடும் நாம், பிந்தினால் ஏறத்தாழ 125 மில்லிவிநாடி வரை கவனிப்பதில்லை என்கிறது அதே ஒன்றியத்தின் ஒளிபரப்புப் பரிந்துரை. ஒளிக்குப் பின்னால் ஒலி வந்துசேர்வதையே வாழ்நாள் முழுவதும் பார்த்துப் பழகியவர்கள் அல்லவா நாம்! வேகச் சோதனைச் செயலி எதுவும் இதைக் காட்டாது.

இதற்காக, பயனர் மதிப்பெண்ணை அப்படியே அச்சிட்டுவிடலாம் என்றும் நான் சொல்லவில்லை. பாதிப் பேர் 5 போட்டு, மீதிப் பேர் 1 போட்டாலும் சராசரி 3 தான். ‘பரவாயில்லை’ என்று அங்கே ஒருவர்கூடச் சொல்லவில்லை. மேலும், அமைதியான அறையில் பத்து விநாடி பார்த்தவரின் கருத்தை, ஓடும் பேருந்தில் கைப்பேசியில் இரண்டு மணி நேரம் பார்ப்பவருக்குப் பொருத்துவதில் எச்சரிக்கை தேவை.

ஆகவே, இனி இத்தகைய ஒப்பீடுகளை வெளியிடும்போது வேகத்தோடு தொடக்கத் தாமதம், படம் நின்ற தடவைகள், நின்ற நேரம் ஆகியவற்றையும், மதிப்பெண் தருவதாயின் எத்தனை பேர், எந்தத் திரையில், எவ்வளவு நேரம் பார்த்து, எந்த எண்ணை எத்தனை பேர் இட்டார்கள் என்பதையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் வாசகன்