லண்டன் ஐந்தரை மணி நேரத்தில் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் வெளிநாட்டுப் பயணம் பற்றிய கட்டுரையில், ‘சென்னையில் விடிகாலை 5.30க்கு விமானம் ஏறினால் பகல் 11க்கு லண்டன். வெறும் ஐந்தரை மணி நேரம்!’ என்று போட்டிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

5.30 நம் நேரம், 11 அவர்கள் நேரம். இது தங்களுக்குத் தெரியாததல்ல. லண்டனிலுள்ள கிரீன்விச் பூஜ்யம் பாகை, நம் நேரக்கோடு கிழக்கே 82½ பாகை, 15 பாகைக்கு ஒரு மணி நேரம், ஆக ஐந்தரை மணி வித்தியாசம். இதை வருஷாவருஷம் கரும்பலகையில் எழுதிப் போட்டவள் நான். ஆகாய வழியில் சென்னைக்கும் லண்டனுக்கும் சுமார் 8,200 கி.மீ. எங்கும் இறங்காமல் பறந்தாலும் போக பத்தரை, பதினொரு மணி நேரம் பிடிக்கும். வரும்போது மேற்கிலிருந்து அடிக்கும் மேல்காற்று தள்ளிவிடுவதால் கொஞ்சம் குறையும். ஆனால் ஏறிய ஊர் நேரத்துக்கும் இறங்கிய ஊர் நேரத்துக்கும் கடிகாரத்தில் பதினைந்து மணி நேரத்துக்கு மேல் ஓடியிருக்கும்.

என் வீட்டுக்காரர் நான்கு வருஷத்துக்கு முன் ஒரு நவம்பரில், விடிகாலையில் இறந்தார். மகன் லண்டனில். அன்று அங்கே மதியம் கிளம்பிய விமானத்தில் ஏறி, மறுநாள் விடியுமுன் சென்னையில் இறங்கினான். அப்புறம் கோவை விமானம், அப்புறம் டாக்ஸி. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி 33 கி.மீ.தான். அன்று மழையில் மண் சரிந்து ரோடு அடைத்துக் கிடந்தது. குளிர்பெட்டியில் இதற்கு மேல் வைக்க முடியாது என்று பத்து மணிக்கே எடுத்துவிட்டார்கள். அவன் வந்தது இரண்டு மணிக்கு. கழுவிவிட்ட வாசலில், விமானச் சீட்டு ஒட்டிய பையைத் தோளிலிருந்து இறக்காமல் அப்படியே நின்றான்.

‘லண்டன் அஞ்சாறு மணி நேரந்தானே, வர மனசில்லை’ என்று சொந்தத்தில் பெரியவர்களே பேசினார்கள். இன்னும் பேசுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை என் கொழுந்தனார் உங்கள் பத்திரிகையை மடித்து எடுத்து வந்து அந்த வரியை என்னிடமே காட்டினார். அச்சில் வந்துவிட்டதே ஐயா, நான் என்ன சொல்வேன்?

மலைக்காரர்கள் விஷயத்தில் தங்கள் கிலோமீட்டர்க் கணக்கு எப்போதும் இப்படித்தான். சீசன் வந்தால் ‘கோவையிலிருந்து ஊட்டி 86 கி.மீ., இரண்டே மணி நேரம்’ என்று எழுதுகிறீர்கள். மே மாதம் மலைப்பாதையில் பர்லியாறில் வண்டிக்குள் உட்கார்ந்திருக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். எங்கள் மலை ரயில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கி.மீ. ஏறுவதற்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம் எடுக்கிறது. தூரம் வேறு, நேரம் வேறு என்று எங்கள் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். கோத்தகிரி ஊட்டிக்குள் ஒரு தெரு என்பது போல வந்த செய்திக்கு இரண்டு முறை எழுதினேன். பதில் ஒரு வரி வரவில்லை.

சரி, அதெல்லாம் போகட்டும். நான் கேட்பது ஒன்றுதான். வரும் ஞாயிறு, அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், சென்னை–லண்டன் பறக்கும் நேரம் பத்தரை முதல் பதினொரு மணி என்று திருத்தம் போடுங்கள். இனி விமான நேரம் போடும்போது புறப்பாடு இந்திய நேரம், இறங்குவது அந்த ஊர் நேரம் என்று பக்கத்திலேயே எழுதுங்கள். திருத்தம் வந்த பக்கத்தை நான் கொழுந்தனாரிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை,
கோத்தகிரி