காத்திருப்பவருக்கு முறை வரவேண்டும்

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகள் புதுச்சேரியிலேயே கல்லூரியில் சேர்ந்தது நல்ல செய்தி. இங்கே அம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. மாலையில் தேவனாம்பட்டினம் கடற்கரையில் கொஞ்சம் நடக்கிறார்.

'ஒரே தகவலைப் பலர் ஒரே நேரத்தில் மாற்றிக் குழப்பாதபடி மென்பொருளில் லாக் (பூட்டு) போட்டுவிட்டால் தகவல் கெடாதே, இன்னும் என்ன கவலை?' என்று கேட்டிருந்தாய். கெடாது, சரி. ஆனால் எழுதக் காத்திருப்பவருக்கு முறை வருமா? எனக்கு இப்போது அதுதான் பெரிதாகப் படுகிறது.

நாங்கள் பராமரிக்கும் மருத்துவமனை மென்பொருளில், எந்தப் படுக்கை காலி என்ற பட்டியலை எல்லாத் தளத்துத் திரைகளும் ஓயாமல் படிக்கும். படிப்பவர்கள் எத்தனை பேரும் சேர்ந்து உள்ளே இருக்கலாம். எழுதுபவர் தனியாகத்தான் நுழைய முடியும். ஒரு திரை முடிப்பதற்குள் இன்னொன்று தொடங்கிவிடும். உள்ளே யாரும் இல்லாத நேரமே வராது. நோயாளி வீட்டுக்குப் போய்விட்டார் என்று பதிய முயன்ற செவிலியர் திரையைப் பார்த்தபடியே நின்றார். படுக்கை காலியாக இருந்தும், அவசரப் பிரிவில் ஒருவர் ஸ்ட்ரெச்சரிலேயே கிடந்தார். அதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

லினக்ஸ் இயங்குதளத்தில் ஜிலிப்சி (glibc) என்ற அடிப்படை நிரல் நூலகம் தரும் ரீட்-ரைட் லாக், அதாவது படிக்கவும் எழுதவும் தனித்தனியாகக் கேட்கும் லாக், இயல்பாகவே படிப்பவர் பக்கம் சாயும். அதற்குக் காரணமும் உண்டு. ஒரு த்ரெட் (நிரலுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலை) படிப்பதற்கான ரீட் லாக்கை வைத்துக்கொண்டே அதை மறுபடி கேட்கலாம். இடையில் வந்து நிற்கும் எழுதுபவருக்கு முன்னுரிமை தந்தால், இந்த த்ரெட் அவர் போகட்டும் என்று நிற்கும், அவர் இந்த த்ரெட் வெளியேறட்டும் என்று நிற்பார். அவ்வளவுதான், இரண்டும் நகராது. அதனால் அப்படி இரண்டு முறை கேட்கும் இடங்களை எல்லாம் முதலில் தேடித் திருத்தினோம்.

கூர்ட்வா, ஹேமன்ஸ், பார்னாஸ் என்ற கணினி ஆய்வாளர்கள் மூவரும் இந்தச் சிக்கலைப் பற்றி 1971இல் எழுதிய கட்டுரையில் இரண்டு தீர்வுகள் உண்டு. ஒன்றில் படிப்பவருக்கு முதலிடம், மற்றதில் எழுதுபவருக்கு. இரண்டிலும் யாராவது ஒரு தரப்பு முடிவில்லாமல் நிற்க வாய்ப்பிருக்கிறது. ஆகவே வந்த வரிசைப்படியே உள்ளே விடும் முறைக்குப் போனோம். அடுத்தடுத்து நிற்கும் படிப்பவர்களைச் சேர்த்தே உள்ளே விடலாம். ஆனால் எழுதுபவர் ஒருவர் நின்றுவிட்டால், பின்னால் வருபவர் அவரைத் தாண்டக் கூடாது. மொத்த வேகம் கொஞ்சம் குறையும். குறையட்டும்.

இன்னும் ஒன்று தீரவில்லை. மாத அறிக்கை ரீட் லாக்கை வெகுநேரம் பிடித்து வைக்கிறது. அதன் பின்னால் எழுதுபவர், அவர் பின்னால் எல்லாத் திரைகளும். பட்டியலைச் சட்டென்று நகலெடுத்து லாக்கை விட்டுவிட்டு, அறிக்கையை நகலிலிருந்து தயாரிக்கலாம் என்று நினைக்கிறேன். நீ என்ன சொல்கிறாய்? மாசி மகத்துக்கு வரும்போது உட்கார்ந்து பேசுவோம்.

அன்புடன்,
உன் நண்பன்